அழைப்பில்லாத நிஷாதம்

புதுவயல் ரைஸ் மில், இரவு ஒன்றரை.
கச்சேரி முடிந்த வேனிலிருந்து
ஸ்டாண்டும் பெட்டியுமாக இறங்கினோம்.
பாய்லர்க்காரர் அடைக்கலம்
ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:
"நாலு மணிக்கு அடுப்புப் பத்தவைக்கணும்.
அதுக்குள்ள என்ன கூத்தோ அடிச்சுக்கங்க."

தவிட்டு மூட்டைகளை அடுக்கி
அதன்மேல் கீபோர்டை வைத்தான் ஜெரால்டு.
ரபீக்கின் பேஸ் கிடாருக்கு
எடைமேடைப் பக்கத்து பிளக்கில்தான் கரண்ட்.
கீழ்த்தந்தியை அவன் தட்டும்போதெல்லாம்
யாருமில்லாத தட்டில்
தராசு முள் கால் கிலோ காட்டியது.

சாத்தையா கடைசியாக வந்தான்,
பைக்கில், முதுகில் நாயனம்.
விடிந்தால் கண்டனூரில் திருப்பூட்டு, ஐந்தரைக்கு.
உதட்டைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டிய ராத்திரி.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
ரிதம் பேட் வாசிக்கிறேன், பதினொரு வருஷமாக.
வாசிக்கிறேன் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை.
பட்டனை அமுக்கினால் தாளம் தானே ஓடும்;
நான் மேலே மேலே தட்டிக்கொண்டிருப்பேன்,
ஓடும் பஸ்ஸுக்குள் நாலடி நடந்துவிட்டு
ஊர் வந்து சேர்ந்ததாக நினைக்கிறவன் மாதிரி.

மோகனத்தில் ஆரம்பித்தான் சாத்தையா.
எந்த வீட்டுக்கும் ஒத்துப்போகிற ராகம்.
நாங்களும் மரியாதையாகப் பின்னால் போனோம்,
சீர்த்தட்டு தூக்கிப் போகிறவர்கள் போல.
ஒரு பத்து நிமிடம்.

மோகனத்தில் நிஷாதம் கிடையாது.
அவன் வைத்தான்.
ஒருதரம் என்றால் விரல் தவறியது என்று விட்டிருப்போம்.
இரண்டாம் தரம் அதன்மேலேயே நின்றான்,
கண்ணைத் திறந்துகொண்டு,
அழைப்பில்லாமல் வந்தவன்
முதல் பந்தியில் நடுவே உட்கார்ந்த மாதிரி.

யாரும் எழுப்பிவிடவில்லை.
ஜெரால்டு நாலு விரலை மெல்ல வைத்து
அந்தச் சுரத்துக்கு இலை போட்டான்.
ரபீக் தண்ணீர் தெளித்தான்.
பூமிநாதன் தவிலைச் சரித்துக்கொண்டு
என்னைப் பார்த்தான்:
பட்டனை அணை.

அணைத்தேன்.
பஸ் போய்விட்டது. நான் ரோட்டில்.
ஏழுக்குள் ஐந்தைத் திணித்து அவன் ஓட,
முப்பத்தைந்தாவது தட்டு முடிந்து
ஒன்றாக இறங்கவேண்டும் என்று பேச்சு.
பேச்சுகூட இல்லை, புருவம்.

முப்பத்து மூன்றில் விழுந்தேன்.
தனியாக. சத்தமாக.
எல்லாம் நின்றது, தராசு முள்ளும்.
இருட்டிலிருந்து அடைக்கலம் கேட்டார்:
"செத்துருச்சா?"
சிரிப்பு அடங்க நேரமானது.
பரவாயில்லை என்று ஒருத்தன் சொல்லியிருந்தாலும்
மூட்டை கட்டியிருப்பேன்.
பூமிநாதன் விரல்கூடுகளை இறுக்கிக்கொண்டு
அதே இடத்தைக் காட்டினான்.

திரும்ப விழுந்தேன்.
மூன்றாம் தரம் சரியாக இறங்கினோமா?
சத்தியமாகத் தெரியாது.
எங்கோ இறங்கினோம், ஐந்து பேரும் ஒரே இடத்தில்.
எண்ணிக்கை அப்போது யாரிடமும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு சீவாளியைக் கழற்றினான் சாத்தையா.
நுனியில் சிவப்பு.
வெற்றிலைச் சாறு என்றான்.
அவன் வெற்றிலை போடுவதில்லை.

கண்டனூருக்கு நானும் போனேன்,
தூக்கம் வரவில்லை, வேறு காரணமில்லை.
திருப்பூட்டுக்கு அதே மோகனம்.
சுத்தம். ஒரு சுரமும் படி தாண்டவில்லை.
எனக்கு ஏனோ கோபமாக வந்தது.

கூட்டம் வெள்ளைப்பணியாரத்துக்கு எழுந்துபோன பிறகு,
நாற்காலி மடக்குகிற சத்தத்துக்கு நடுவே,
காலி வளவில்
அது வந்தது. நின்றது.

மைக்செட்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.
பெட்டியில்தான் கோளாறு என்று
பாய்ந்துபோய்க் குமிழைத் திருகினார்,
அவசரத்தில்,
தப்பான பக்கம்.